தீயும் மண்ணும்: இறுதிக்கடனைச் சமயங்கள் கண்ட விதம்

மனிதர் பிறக்கும் விதம் உலகெங்கணும் ஒன்றே. இறந்தவரின் உடலை உற்றார் எவ்வாறு வழியனுப்புகின்றனர் என்பதிலேதான் சமயங்கள் ஒன்றிலிருந்தொன்று பெரிதும் வேறுபடுகின்றன. சைவரும் பௌத்தரும் சீக்கியரும் உடலைத் தீயிலிடுகின்றனர். இசுலாமியரும் யூதரும் மண்ணிலிடுகின்றனர். கிறித்தவர் நெடுங்காலம் மண்ணையே நம்பியிருந்து, அண்மைக் காலத்திலே தீயையும் ஏற்றுக்கொண்டனர். பார்சிகளோ தீ, மண், நீர் ஆகிய மூன்றுமே தூயவை, பிணத்தினால் அவற்றை மாசுபடுத்தலாகாது எனக் கருதி, உயர்ந்த கோபுரங்களிலே உடலைப் பறவைகளுக்கு விட்டனர்.

பலெர்மோ நகரில் வாழும் எம்மவர்க்கு இது வெறும் ஏட்டுக்கல்வியன்று. 1980களிலே இளைஞராய் இத்தீவில் வந்திறங்கியோர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். கணவர் சைவராகவும் மனைவி கத்தோலிக்கராகவும் ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பங்களும் எம்மிடையே உள்ளன. 'என்னைச் சுடுவீர்களா, புதைப்பீர்களா? சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோவது யார்?' என்ற கேள்விகள் எம் வீடுகளிலே எழத் தொடங்கிவிட்டன. சாவு வந்த வீட்டிலே, கண்ணீருக்கும் கலக்கத்துக்கும் நடுவே இவற்றுக்கு விடை தேடுதல் அரிது. ஆகவே, இவ்விடயத்தின் வரலாற்றை அமைதியான வேளையிலே அறிந்து வைத்தல் நலமென்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

எம் முன்னோர் கண்ட ஐந்து வழிகள்

'எரிப்பதே தமிழர் வழக்கம், புதைப்பது பிறர் வழக்கம்' என்று எம்மிற் பலர் எண்ணுவதுண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலே பெருந்தொகையான முதுமக்கள் தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. இறந்தோரின் எலும்புகளையும் அவர்தம் பண்டங்களையும் பெரிய மட்பாண்டங்களில் இட்டு நிலத்திற் புதைத்தமையை அவை காட்டுகின்றன. எமது தாயகத்திலும் புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பிலே இத்தகைய தாழிகள் கிடைத்தன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலே 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில், எரிக்கப்படாது புதைக்கப்பட்ட ஒருவரின் எலும்புக்கூட்டோடு எழுத்துப் பொறித்த முத்திரையும் வெளிப்பட்டது.

மணிமேகலைக் காப்பியத்திலே சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை என்றொரு பகுதியுண்டு. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்திருந்த மயானத்தை அது விரித்துரைக்கின்றது. உடலைச் சுடுவோர், வெறுமனே இட்டுச் செல்வோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடங்களிலே வைத்து அடைப்போர், தாழியினாற் கவிப்போர் என ஐவகையினர் அங்கே கூறப்படுகின்றனர். ஐவர்க்கும் மயானம் ஒன்றே. பல சமயத்தவரும் பல நாட்டவரும் கூடி வாழ்ந்த துறைமுக நகரிலே, ஒருவர் வழியை மற்றவர் தடுத்ததாக அக்காப்பியம் கூறவில்லை. பௌத்த நூலாகிய அது, வழிகள் பலவாயினும் சாவு அனைவர்க்கும் பொதுவென்பதை உணர்த்தவே இக்காட்சியைக் காட்டுகின்றது.

வேதநெறியிலும் இரு வழிகளுக்கும் இடமிருந்தது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலே, உடலை ஏற்குமாறு அக்கினியை வேண்டும் பாடலும், இறந்தவரைத் தாய்போல அணைத்துக்கொள்ளுமாறு நிலத்தை வேண்டும் பாடலும் அருகருகே உள்ளன. நாளடைவிலே எரியூட்டலே பெருவழக்காயிற்று. ஐம்பூதங்களால் ஆன உடல் ஐம்பூதங்களிலே மீளவும் கலக்கவேண்டும், உயிர் பழைய கூட்டின் மீதுள்ள பற்றை அறுக்கவேண்டும், அதற்குத் தீயே விரைவான துணை என்பது அதன் உட்பொருள். ஆயினும் பச்சிளங் குழந்தைகளையும் துறவிகளையும் புதைக்கும் வழக்கம் இன்றுவரை நீடிக்கின்றது. குழந்தை பற்று வைக்கத் தொடங்கவில்லை, துறவி பற்றை முன்னரே விட்டுவிட்டார், ஆதலால் இருவர்க்கும் தீ வேண்டியதில்லை என்று பெரியோர் விளக்குவர். சிவனையே முழுமுதலாகக் கொள்ளும் வீரசைவரும் தம் இறந்தோரைப் புதைக்கின்றனர்.

யாழ்ப்பாணத்துச் சைவர் வீட்டு இறுதிக்கடனை எம் பிள்ளைகளில் அநேகர் கண்ணாற் கண்டதில்லை. ஆதலால் அதனை இங்கு சுருக்கமாகக் குறித்து வைக்கின்றோம். செத்தவீட்டிலே பந்தலிட்டுப் பறை முழங்கும். திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பர். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பர். உற்றார் வாய்க்கரிசி இடுவர். சுடலையிலே மகன் நீர்க்குடத்தைத் தோளிற் சுமந்து சிதையை மும்முறை சுற்றிவர, ஒவ்வொரு சுற்றிலும் குடத்திலே துளையிடுவர். பின்னர் அவன் சிதைக்குப் புறங்காட்டி நின்று கொள்ளி வைத்துத் திரும்பிப் பாராமற் செல்வான். அதன்பின் காடாற்று, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி என்பன தொடரும். சாம்பல் கீரிமலைக் கடலிலே கரைக்கப்படும். அதே ஊரிலே கத்தோலிக்கர் தம் உற்றாரைச் சேமக்காலையிலும், முசுலிம்கள் மையவாடியிலும் அடக்கஞ் செய்தனர். மூன்று வழிகளும் ஓரூருக்குள்ளேயே இருந்தன. செத்தவீட்டுக்குப் போகாத அயலவர் இருந்ததில்லை.

சிசிலித் தீவின் பழங்கதை

நாம் வந்து வாழும் இத்தீவும் அவ்வாறே பல வழிகளைக் கண்டது. பலெர்மோ நகரை நிறுவியோர் பினீசியர் என்னும் கடலோடி வணிகர். சிசிலியின் மேற்குக் கரையிலே, மர்சாலாவுக்கு அண்மையிலுள்ள மோத்சியா என்னும் சிறுதீவு அவர்களது மற்றொரு குடியேற்றம். அங்குள்ள மிகப் பழைய இடுகாட்டிலே எரித்த எலும்புகளைக் கொண்ட கலங்கள் கிடைத்துள்ளன. பலெர்மோவுக்குக் கிழக்கே தெர்மினி இமெரேசேக்கு அண்மையில் இருந்த இமேரா என்னும் கிரேக்க நகரிலோ புதைத்தலே மிகுதி. தொடருந்துப் பாதை அமைக்கும் பணியின்போது அங்கே ஆயிரக்கணக்கான கல்லறைகள் வெளிப்பட்டன. கிறித்துவுக்கு முன் 480ஆம் ஆண்டிலும் 409ஆம் ஆண்டிலும் நடந்த போர்களிலே மாண்ட வீரர்கள் வரிசையாகக் கிடத்தப்பட்ட பொதுக்குழிகளும் அவற்றுள் அடங்கும்.

பின்னர் வந்த உரோமரின் பழைய சட்டமாகிய பன்னிரு பலகைச் சட்டம், நகரினுள்ளே பிணத்தைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என விதித்தது. இரு வழக்கங்களும் அன்றே இருந்தன என்பதற்கு இவ்விதியே சான்று. உரோமப் பேரரசின் தொடக்க காலத்திலே எரித்தல் ஓங்கியிருந்தது. கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டு தொட்டுப் புதைத்தல் மெல்லமெல்ல மேலோங்கிற்று. கிறித்தவம் அரச சமயமாவதற்கு முன்னரே இம்மாற்றம் தொடங்கிவிட்டது.

கிறித்தவம் ஏன் தீயை வெறுத்தது?

கிறித்தவர் புதைத்தலை விரும்பியதற்குக் காரணம் உண்டு. இயேசு கல்லறையில் வைக்கப்பட்டு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது அவர்தம் நம்பிக்கையின் மையம். உலக முடிவில் இறந்தோர் யாவரும் உடலோடு எழுவர் என அவர்கள் நம்பினர். ஆதலால் உடலை விதையைப் போல் மண்ணிலே வைத்துக் காத்தனர். எரித்தல் பழஞ்சமயத்தாரின் அடையாளமாகக் கருதப்பட்டது. சார்லமேன் மன்னன் எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே சாக்சானியரை வென்றபோது, பழைய முறைப்படி பிணத்தை எரிப்போர்க்கு மரணதண்டனை என்று சட்டமியற்றினான். இறந்தவரை வழியனுப்பிய குற்றத்துக்காக உயிரோடிருப்பவரைக் கொல்லும் சட்டம் அது.

பலெர்மோ மக்கள் இறந்தோரின் எலும்புகளிடத்து எத்துணை மதிப்பு வைத்துள்ளனர் என்பதை நாம் அறிவோம். 1624ஆம் ஆண்டில் கொள்ளைநோய் இந்நகரை வாட்டியபோது, பெல்லகிரீனோ மலைக் குகையிலே புனித ரோசாலியாவின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை நகர வீதிகளிலே பவனியாக எடுத்துச் செல்ல நோய் நீங்கிற்று என்பது மக்கள் நம்பிக்கை. எம்மவரில் சைவரும் கத்தோலிக்கரும் வேறுபாடின்றி அம்மலையில் ஏறி அக்குகையிலே கைகூப்புகின்றனர். எலும்பைச் சாம்பலாக்கிக் கடலிற் கரைக்கும் வழக்கமுடைய நாம், எலும்பைப் பேழையில் வைத்துப் போற்றும் மக்களோடு ஒன்றாக நின்று வணங்குகின்றோம்.

கப்புச்சின் துறவிகளின் நிலவறையைக் கண்டவர்களுக்கு இந்நகரின் மனப்போக்கு இன்னும் தெளிவாக விளங்கும். 1599ஆம் ஆண்டு தொட்டு அங்கே துறவிகளின் உடல்களும், பின்னர் செல்வந்தரின் உடல்களும் உலர்த்தப்பட்டு, உடையணிவித்துச் சுவரோரமாக நிறுத்தப்பட்டன. 1920இல் இறந்த, இரண்டு வயதும் நிரம்பாத ரோசாலியா லொம்பார்தோ என்னும் குழந்தையின் உடல், அல்பிரேதோ சலாபியா என்பவரின் பதப்படுத்தும் கலையினால் இன்றளவும் உறங்குவதுபோற் கிடக்கின்றது. உடல் அழியாதிருத்தலே அன்பின் அடையாளமென்று அவர்கள் கருதினர். உடல் விரைந்து அழிதலே உயிருக்கு நன்மையென்று நாம் கருதினோம். எண்ணங்கள் எதிரெதிரானவை எனினும் அவற்றை ஈன்ற பாசம் ஒன்றே.

கிறித்தவ மன்னர் யாவரும் முழு உடலோடு மண்ணுக்குச் சென்றனர் என்பதுமில்லை. பிரான்சு மன்னன் ஒன்பதாம் லூயி 1270இல் தூனிசிலே இறந்தபோது, உடலைத் தொலைதூரம் கொண்டுசெல்லவேண்டி அதனை வேகவைத்து எலும்பைப் பிரித்தனர். எலும்புகள் பிரான்சுக்குச் சென்றன. உள்ளுறுப்புகள் பலெர்மோவை அடுத்த மொன்ரியாலே பேராலயத்திலே அடக்கஞ் செய்யப்பட்டன. இத்தகைய வழக்கத்தைப் பாப்பரசர் எட்டாம் போனிபாசு 1299இல் கண்டித்துத் தடைசெய்தார். ஊரைவிட்டுத் தொலைவில் இறந்தவனை ஊருக்குக் கொண்டுசேர்க்கவேண்டும் என்ற தவிப்பு எம்மைப் போன்ற அகதிகளுக்கு மட்டுமல்ல, முடிமன்னர்க்கும் இருந்திருக்கின்றது.

நான்கு எழுத்தில் ஒரு கல்லறை

831ஆம் ஆண்டிலே பலெர்மோ அரபு முசுலிம்களின் வசமாயிற்று. 1072இல் நோர்மானியர் அதனைக் கைப்பற்றினர். இசுலாத்திலே இறந்தவரைக் குளிப்பாட்டி, வெண்ணிறக் கஃபன் துணியால் மூடி, தொழுகை நடத்தி, காலந்தாழ்த்தாது மண்ணில் அடக்குதல் கடமையாகும். தம்பியைக் கொன்ற ஆதாமின் மகனுக்கு, உடலை மண்ணில் மறைக்கும் வழியைக் காகம் ஒன்று நிலத்தைக் கிளறிக் காட்டியதாகத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகின்றது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பென்பது அவர்தம் கொள்கை. எனவே தீயிடுதல் அவர்களுக்கு முற்றாக விலக்கப்பட்டது. யூத மரபும் விரைவாகப் புதைத்தலையே விதிக்கின்றது. நாசிகளின் வதைமுகாம்களிலே யூதரின் உடல்கள் உலைகளில் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின்னர், அவர்களிற் பலர்க்கு எரியூட்டல் என்ற சொல்லே நெஞ்சைப் பிளப்பதாயிற்று.

அக்காலப் பலெர்மோவின் பெருமைக்குச் சான்றாகக் கல்லொன்று சீசா மாளிகையிலே வைக்கப்பட்டுள்ளது. 1148ஆம் ஆண்டிலே அன்னா என்னும் பெண்மணி இறந்தார். நோர்மானிய அரசவையைச் சேர்ந்த கிறிசாந்து என்னும் குருவானவர் அவருடைய மகன். அவர் தம் தாயின் கல்லறைக்கு இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வகையிலே கல்வெட்டுப் பொறித்தார். ஒவ்வொரு வகையிலும் அவ்வச் சமூகத்தாரின் ஆண்டுக்கணக்கே தரப்பட்டது. இறந்தவர் கிறித்தவர். ஆயினும் அந்த மகன் தன் தாயின் பெயரை நகரத்தார் அனைவரும் தத்தம் எழுத்தில் வாசிக்கவேண்டும் என்று விரும்பினான். பிற்காலத்திலே அந்த இணக்கம் நிலைக்கவில்லை. முசுலிம்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தீவிலிருந்து அகற்றப்பட்டனர். 1492ஆம் ஆண்டின் எசுப்பானிய அரசாணையினால் யூதரும் வெளியேற்றப்பட்டனர். கல் மட்டும் எஞ்சியது.

இத்தாலியிலே தீ மீண்ட வரலாறு

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அணைந்திருந்த சிதைத்தீ இத்தாலியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் மூண்டது. 1822இல் ஆங்கிலக் கவிஞர் செல்லி கடலில் மூழ்கி இறந்தபோது, நோய்த்தடுப்புச் சட்டத்தின் காரணமாக அவரது உடல் வியாரேச்சோக் கடற்கரைக்கு அண்மையிலே எரிக்கப்பட்டது. ஆனால் எமக்கு நெருக்கமான நிகழ்ச்சி 1870இல் நிகழ்ந்தது. மராட்டிய நாட்டுக் கோலாப்பூர் மன்னர் இராசாராம், இருபது வயது இளைஞர், இங்கிலாந்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில் நவம்பர் 30ஆம் நாள் புளோரன்சு நகரிலே இறந்தார். அந்நகரே அப்போது இத்தாலியின் தலைநகர். இந்து முறைப்படி எரியூட்ட அவருடைய பரிவாரத்தார் அனுமதி வேண்டினர். கத்தோலிக்க நாட்டின் தலைநகரிலே அவ்வேண்டுகோள் புதுமையாக இருந்தும் நகர ஆட்சியினர் இசைந்தனர். ஆர்னோ ஆறும் முஞ்ஞோனே ஆறும் கூடுமிடத்திலே நள்ளிரவு கடந்த வேளையில் சிதை மூட்டப்பட்டது. இரு நதி கூடும் துறை எமக்குப் புனிதமானது என்பதை அந்நகரத்தார் எதிர்பாராமலே மதித்தனர். அங்கே அவர் நினைவாக எழுப்பப்பட்ட சிறு மண்டபம் இன்றும் உள்ளது. அருகிலுள்ள பாலத்தையும் 'இந்தியனின் பாலம்' என்றே அழைக்கின்றனர்.

அதன்பின் அறிஞர் எரியுலைகளை ஆராய்ந்தனர். லோதி நகரத்துப் பவுலோ கொரினி உலையொன்றை வடிவமைத்தார். மிலான் நகரிலே பட்டு வணிகர் அல்பேர்த்தோ கெல்லர் தம் உடலை எரிக்குமாறு எழுதிவைத்து 1874இல் இறந்தார். சட்ட அனுமதியும் உலையும் ஆயத்தமாகும் வரை அவர் உடல் காத்திருந்தது. 1876 சனவரி 22ஆம் நாள், இக்கால முறையிலான எரியூட்டல் மிலான் பெருமயானத்திலே முதன்முதலாக நடந்தேறியது. 1888ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் எரியூட்டலுக்கு முறையான இடமளித்தது.

1860இல் பலெர்மோவை விடுவித்த கரிபால்டியின் கதையோ துயரமானது. தாம் இறந்ததும் செந்நிறச் சட்டை அணிவித்து, திறந்தவெளியிலே வாசமுள்ள விறகடுக்கி எரிக்கவேண்டும் என்று அவர் தெளிவாக எழுதிவைத்தார். 1882 யூன் 2ஆம் நாள் கப்ரேரா தீவிலே அவர் இறந்தபோது அவ்விருப்பம் நிறைவேறவில்லை. உடல் பதப்படுத்தப்பட்டுப் பெருங்கற் பாளத்தின் கீழே அடக்கப்பட்டது. நாட்டுக்கே விடுதலை தேடித்தந்த மாவீரரின் இறுதி வாக்கையும் உயிரோடிருந்தோர் மீறிவிட்டனர்.

அக்காலத்திலே எரியூட்டலை ஆதரித்தோரிற் பலர் திருச்சபையை எதிர்த்தோர். உயிர்த்தெழுதல் பொய்யென்று காட்டவே தீயைத் தேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஆகவே 1886இல் உரோமைத் திருப்பீடம் கத்தோலிக்கர்க்கு எரியூட்டலைத் தடைசெய்தது. அத்தடை 1963இல் தளர்த்தப்பட்டது. நம்பிக்கையை மறுக்கும் நோக்கமின்றி எரியூட்டப்படுவோர்க்குத் திருச்சபைச் சடங்குகள் மறுக்கப்படா என்று அறிவிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதனை உறுதிசெய்தது. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், புதைத்தலே சிறந்தது, எரித்தாற் சாம்பலைப் புனித இடத்தில் வைக்கவேண்டும், காற்றிலோ கடலிலோ தூவலாகாது, வீட்டிலும் வைத்திருத்தல் பொதுவாகத் தகாது என்றது. 2023இல் வந்த விளக்கம், சாம்பலின் மிகச் சிறு பகுதியை இறந்தவர்க்கு உகந்த இடமொன்றில் வைத்திருக்கக் குறித்த நிபந்தனைகளோடு இசைவளித்தது. எழுபத்தேழு ஆண்டுகள் விலக்கப்பட்டிருந்த ஒன்று பின்னர் ஏற்கப்பட்டமை, சமய விதிகளும் காலத்தோடு அசைவன என்பதைக் காட்டுகின்றது. கிழக்கத்தியக் கிறித்தவ சபைகளோ பெரும்பாலும் தீயை இன்னும் ஏற்கவில்லை. கிரேக்க நாட்டின் முதல் எரியூட்டு நிலையம் 2019இலேதான் இயங்கத் தொடங்கியது.

தீயும் கிட்டாதோர், மண்ணும் கிட்டாதோர்

இவ்விடத்திலே நாம் மறக்கலாகாத சாவுகள் உள. 1996ஆம் ஆண்டு நத்தார் நாளையொட்டிய இரவிலே, சிசிலியின் தென்முனையிலுள்ள போர்த்தோபாலோவுக்கு அப்பால் சிறுபடகொன்று மூழ்கியது. பெரிய கப்பலிலிருந்து அதற்கு மாற்றப்பட்ட ஏறக்குறைய 283 பேர் மாண்டனர். இந்தியர், பாகிசுத்தானியர், இலங்கைத் தமிழர் அவர்களுள் இருந்தனர். மீனவர் வலைகளிலே உடல்கள் சிக்கின. தொழில் முடங்கும் என்ற அச்சத்தினால் அவை மீளவும் கடலிலேயே விடப்பட்டன. 2001இலே, வலையில் அகப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவரின் அடையாள அட்டை வழிகாட்ட, நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே அப்படகு கண்டறியப்பட்டது. அவர்களுக்குக் கொள்ளி வைக்கவும் ஒருவரில்லை, மண் தூவவும் ஒருவரில்லை.

தாயகத்திலும் இதே துயர் உண்டு. சைவக் குடும்பங்களிற் பிறந்த போராளிகளின் உடல்களையும் எரிக்காது புதைக்கும் வழக்கம் 1990களின் தொடக்கத்திலே வடக்குக் கிழக்கில் ஏற்பட்டது. தலைமுறைகளாகத் தீயிட்டு வந்த தாய்மார், பிள்ளையின் பெயர் எழுதிய கல்லைத் தொட்டு அழுது ஆறுதல் பெறப் பழகினர். 2009இற்குப் பின்னர் அத்துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரின் நிலை இதனிலும் கொடிது. உடல் கிடையாதவர்க்குத் தருப்பையினால் உருவஞ் செய்து எரியூட்டலாம் என்று எமது சமயவிதி இடங்கொடுக்கின்றது. ஆனால் அதனைச் செய்வது பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்வதாகும் என அத்தாய்மாரிற் பலர் அதற்கு இசையவில்லை. இறுதிக்கடன் செய்ய இயலாமையும் போரின் காயங்களுள் ஒன்றே.

தீயே தண்டனையாக மாறிய காலத்தையும் நாம் கண்டோம். கொவிட் நோய் பரவிய 2020ஆம் ஆண்டு ஏப்பிரலிலே, இலங்கை அரசு அந்நோயால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டும் என்று வர்த்தமானியில் அறிவித்தது. புதைத்தலும் ஏற்புடையதே என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அரசு செவிசாய்க்கவில்லை. அவ்வாண்டு திசெம்பரிலே, பிறந்து இருபது நாளேயான முசுலிம் குழந்தையொன்றின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அவ்வாணை நீக்கப்பட்டு, ஓட்டமாவடியிலே அடக்கஞ் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 யூலையிலே அரசு அதற்கு மன்னிப்புக் கோரியது. எமக்கு முத்தி தரும் தீ, அவர்களுக்குக் கொடுமையாயிற்று. வேறுபாடு தீயிலன்று, அதனைத் தெரிவு செய்யும் உரிமை பறிக்கப்பட்டதிலேயே இருந்தது.

பலெர்மோவிலே எமது கடமை

இவ்வரலாறு அனைத்தும் ஒன்றையே உணர்த்துகின்றது. எரித்தலும் புதைத்தலும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறிவந்துள்ளன. மாறாதது, இறந்தவரை அவருடைய நம்பிக்கைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மதிப்போடு அனுப்பும் கடமை. அவ்விருப்பம் தெளிவாகத் தெரிந்திருந்தாலன்றி அக்கடமையை நிறைவேற்றுதல் கடினம். கரிபால்டிக்கு நேர்ந்ததை நினைவிற் கொள்வோமாக.

எம் நகரின் நிலைமையும் எளிதானதன்று. பெல்லகிரீனோ மலையடிவாரத்திலே கடலை நோக்கியுள்ள ரோத்தொலி மயானத்தில், 2020ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே இடமின்மையினால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் அடக்கத்துக்காகக் காத்துக்கிடந்தன. அங்கிருந்த எரியுலையும் பழுதுற்றிருந்தமையால், எரியூட்ட விரும்பியோர் பிற நகரங்களை நாடவேண்டியதாயிற்று. உள்ளூர் மக்களே இத்துணை அல்லற்பட்ட இடத்திலே, மொழியும் விதியும் நன்கறியாத அகதிக் குடும்பமொன்று எத்துணை இடர்ப்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆதலால் இந்நாட்டுச் சட்டம் கூறுவதைக் குடும்பத்தார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டின் 130ஆம் இலக்கச் சட்டப்படி, எரியூட்டுவதற்கு நகரசபையின் குடிசார் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. இறந்தவர் மரணசாசனத்தில் எழுதிவைத்திருந்தாலோ, எரியூட்டல் சங்கமொன்றில் உறுப்பினராக இருந்திருந்தாலோ அதுவே அவருடைய விருப்பத்துக்குச் சான்றாகும். அவ்வாறு எதுவும் இல்லையெனில் கணவன் அல்லது மனைவியின் கூற்றும், அவரும் இல்லையெனில் மிக நெருங்கிய உறவினரின் கூற்றும் ஏற்கப்படும். அவ்வுறவினர் பலராயின் பெரும்பான்மையினரின் இசைவு வேண்டும். பிள்ளைகள் ஒருவர் பலெர்மோவிலும், ஒருவர் இலண்டனிலும், ஒருவர் ரொறன்ரோவிலும் இருக்கும் எம் குடும்பங்களிலே இவ்விதி எத்தகைய சிக்கலை உண்டாக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சாம்பலைப் பற்றிய விதியும் முக்கியமானது. முத்திரையிட்ட கலத்திலே அதனை மயானத்தில் வைக்கலாம், அல்லது அனுமதி பெற்று வீட்டில் வைத்திருக்கலாம். கடலிலோ ஆற்றிலோ கரைப்பதற்கு இறந்தவர் தாமே அவ்விருப்பத்தைத் தெளிவாகத் தெரிவித்திருத்தல் வேண்டும். படகுகளும் கட்டடங்களும் இல்லாத பகுதியிலேயே அதனைச் செய்யலாம். அனுமதியின்றிக் கரைத்தல் குற்றமாகும். 'கடல்தானே, யார் கேட்கப் போகின்றார்கள்' என்று எண்ணுவது தவறு. சிசிலி மாநிலமும் இது குறித்துத் தனியான விதிகளை வகுத்துள்ளமையால் நகரசபையிலே விசாரித்துச் செய்தல் நன்று. கீரிமலைக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் அதற்குரிய பத்திரங்களை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

ஆகவே எமது வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குடும்பத்திலும் முதியோர், தம் விருப்பம் தீயா மண்ணா, சாம்பல் எங்கே செல்லவேண்டும், எச்சடங்கு வேண்டும், எது வேண்டாம் என்பதை இத்தாலிய மொழியிலும் தமிழிலும் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டு வைத்தல் வேண்டும். இதனைப் பேசுவது அபசகுனமன்று. எம் பாட்டனார் தமக்கான சேலையையும் வேட்டியையும் பெட்டியிலே மடித்து வைத்தவர்களே. சைவ, கத்தோலிக்க உறவுகள் கலந்த வீடுகளிலே கணவனும் மனைவியும் ஒருவர் விருப்பத்தை மற்றவர் கேட்டறிந்து மதித்தல் வேண்டும். தாய் சேமக்காலையிலும் தந்தை தீயிலும் செல்லுவதனால் அவர்தம் இல்லறத்துக்குக் குறைவேதும் இல்லை.

பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லிக்கொடுத்தல் எம் பொறுப்பு. புலம்பெயர்ந்த நாடுகளிலே சிதைக்குப் பதிலாக உலையும், கொள்ளிக்குப் பதிலாகப் பெட்டிமீது ஏற்றும் கர்ப்பூரமும் வந்துவிட்டன. ஊரிலே சுடலைக்குச் செல்லாத பெண்கள் இங்கே தந்தையின் இறுதிப் பயணத்திலே உடன் நடக்கின்றனர். இவை குறைபாடுகளல்ல. தாழியிலிருந்து சிதைக்கும், சிதையிலிருந்து உலைக்கும் வந்த நெடும்பயணத்தின் அடுத்த அடிகளே. வருடந்தோறும் நவம்பர் 2ஆம் நாள் பலெர்மோ மக்கள் தம் இறந்தோரை நினைந்து கல்லறைகளுக்குப் பூக்கொண்டு செல்கின்றனர். அவர்கள் அனுப்பியதாகச் சொல்லிச் சிறுவர்க்கு இனிப்பும் பரிசும் கொடுக்கின்றனர். நாம் ஆடி அமாவாசையிலே தந்தையரையும் சித்திரா பௌர்ணமியிலே அன்னையரையும் நினைந்து விரதமிருக்கின்றோம். எம் பிள்ளைகள் இரண்டையும் அறிந்து வளரட்டும். அப்போதுதான் எமக்குரிய நாள் வரும்பொழுது, அந்நிய மண்ணிலும் எமது வழக்கப்படி எம்மை அனுப்பிவைக்கத் தெரிந்தவர்கள் அருகில் இருப்பார்கள்.